உளவியல் மாணவர்கள் புள்ளியியலை எந்த வரிசையில் கற்க வேண்டும்: எட்டுப் பேரின் தரவோடு ஒரு முழுமையான வழிகாட்டி

உளவியல் பட்டப்படிப்பில் சேரும் பலர் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்கள். புள்ளியியல் தாள் வந்ததும் அவர்கள் திணறுவது கணக்கினால் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளாக இந்தத் தாளில் புதியவர்களுக்கு உதவிவரும் நான் கண்டது வேறு. கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகியவற்றை அவர்கள் கால்குலேட்டரில் சரியாகவே போடுகிறார்கள். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாமல், தரவைப் பார்ப்பதற்கு முன்பே எந்தச் சோதனை என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி வரிசையை மையமாகக் கொண்டது. ஒரே ஒரு சிறிய தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, கேள்வியிலிருந்து அறிக்கை வரை அதையே சுமந்து செல்கிறோம்.

1. தொடங்குமுன் வேண்டியவை

சதுரக் கோடிட்ட நோட்டு, வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர், டி அட்டவணையின் ஒரு நகல், ஜமோவி அல்லது ஜாஸ்ப் மென்பொருள் நிறுவிய கணினி ஆகியவை போதும். இரண்டு மென்பொருள்களும் இலவசம். கல்லூரி ஆய்வகத்தில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இருந்தாலும், வீட்டில் பழகுவதற்கு இவை வசதியானவை.

கணிதத்தில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை நான்கு: எதிர்ம எண்களைக் கூட்டுவது, வர்க்கமும் வர்க்கமூலமும், விழுக்காடு, சிக்மா குறி வந்தால் கூட்டு என்று படிப்பது. இவற்றில் தயக்கம் இருந்தால் இரண்டு மாலை நேரங்களை அதற்கென்று ஒதுக்கிவிட்டுப் பிறகு வருவது நல்லது. எதிர்ம எண்ணை வர்க்கப்படுத்தினால் நேர்ம எண் வரும் என்பதில் ஐயம் உள்ளவருக்கு, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் ஒருபோதும் விளங்காது.

மென்பொருளைப் பதினோராம் படிக்கு முன் திறக்க வேண்டாம். கையால் ஒருமுறை போட்ட கணக்குதான், பிறகு மென்பொருள் தரும் விடை தவறாக இருக்கும்போது உங்களை எச்சரிக்கும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாம் எடுத்துக்கொள்வது ஸ்ட்ரூப் சோதனை. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதிவிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால், நாக்கு ‘சிவப்பு’ என்று சொல்லத் துடிக்கும். தடுமாறி ‘நீலம்’ என்பதற்குள் நேரம் கூடிவிடும். 1935இல் வெளியான ஆய்விலிருந்து இன்று வரை உளவியல் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது இது.

கேள்வி இப்படி அமையட்டும்: “சொல்லும் நிறமும் பொருந்தாத அட்டையில் நிறங்களைச் சொல்லி முடிக்க, பொருந்தும் அட்டையைவிட அதிக நொடிகள் ஆகின்றனவா?” இந்த வாக்கியத்தில் எதை அளக்கிறோம், எந்த அலகில் அளக்கிறோம், எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் இருக்கின்றன. “மாணவர்களின் கவனத்தை ஆராய்தல்” என்று எழுதினால் இம்மூன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையையும் தேர்ந்தெடுக்க முடியாது.

3. மாறிகளை வகைப்படுத்துங்கள்

நாம் மாற்றுவது அட்டையின் வகை. அது சாரா மாறி. அதனால் மாறக்கூடும் என்று எதிர்பார்ப்பது நேரம். அது சார்ந்த மாறி. அட்டையின் வகை வெறும் பெயர் அளவிலானது. நேரம் எண் அளவிலானது. அதில் 20 நொடி என்பது 10 நொடியைப் போல இரு மடங்கு என்று சொல்ல முடியும்.

இந்த வகைப்பாடு ஏன் முதலில் வர வேண்டும் என்றால், பெயர் அளவிலான மாறிக்குச் சராசரி போட முடியாது. ஆனால் ஆண் 1, பெண் 2 என்று குறியீடு கொடுத்துவிட்டால் மென்பொருள் தயங்காமல் “பாலினத்தின் சராசரி 1.6” என்று அச்சிட்டுத் தரும். அதை அப்படியே அறிக்கையில் ஒட்டி வைத்த மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

வினாத்தாள் வகைத் தரவு என்றால் இன்னொரு கவனம் தேவை. ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோலில் 10 கூற்றுகளில் 5 எதிர்மறையாக அமைந்தவை. 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டால், அந்த ஐந்துக்கும் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழித்துத் திருப்பிய பிறகே மொத்தம் கூட்ட வேண்டும். இதை மறந்தால் உயர்ந்த தன்மதிப்பும் தாழ்ந்த தன்மதிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாரும் நடுவில் வந்து நிற்பார்கள்.

4. தரவைத் திரட்டி அட்டவணையில் இடுங்கள்

இரண்டு வெள்ளை அட்டைகளில் இருபது இருபது சொற்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு ஆகிய நான்கு போதும். மஞ்சளைத் தவிருங்கள்: வெள்ளை அட்டையில் மஞ்சள் மங்கலாகத் தெரியும், நேரம் கூடினால் அது பொருந்தாமையினாலா, கண்ணுக்குத் தெரியாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உண்டா என்பதைப் பங்கேற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குப் பொருந்தும் அட்டையை முதலிலும், மீதிப் பேருக்குப் பொருந்தாத அட்டையை முதலிலும் கொடுங்கள். இல்லாவிட்டால் பழக்கமும் களைப்பும் விடையில் கலந்துவிடும்.

ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்பதே அட்டவணையின் விதி. பெயருக்குப் பதிலாக எண் இடுங்கள். பயிற்சிக்காக, கணக்கு எளிதாக முடியும்படி நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. முதலில் பொருந்தும் அட்டையின் நொடிகள், அடுத்து பொருந்தாத அட்டையின் நொடிகள்:

முதலாமவர்: 12, 19
இரண்டாமவர்: 14, 20
மூன்றாமவர்: 11, 14
நான்காமவர்: 15, 24
ஐந்தாமவர்: 13, 18
ஆறாமவர்: 12, 20
ஏழாமவர்: 16, 20
எட்டாமவர்: 11, 17

புதியவர்கள் பதினாறு நேரங்களையும் ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்த 12 எந்த 19உடன் சேர்ந்தது என்ற செய்தி தொலைந்துபோகும். நம் ஆய்வின் முழுப் பலமும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது என்பதை ஒன்பதாம் படியில் காணலாம்.

5. முதலில் படம்

நோட்டில் செங்குத்தான இரண்டு எண்கோடுகளை அருகருகே போட்டு, எட்டுப் பேரின் நேரங்களையும் இடக்கோட்டில் பொருந்தும் அட்டைக்கும் வலக்கோட்டில் பொருந்தாத அட்டைக்குமாகப் புள்ளிகளாக இடுங்கள். பிறகு ஒவ்வொருவரின் இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். எட்டுக் கோடுகளும் மேல்நோக்கியே ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு வரும் எண் உங்களை ஏமாற்றாது.

நான்காமவரின் 24ஐத் தட்டச்சுப் பிழையால் 74 என்று இட்டுவிட்டதாகக் கொள்வோம். பொருந்தாத அட்டையின் சராசரி 19இலிருந்து 25.25க்குத் தாவும். இடைநிலை அளவோ 19.5இலேயே நிற்கும், ஏனெனில் அது வரிசையின் நடுவில் யார் நிற்கிறார் என்று மட்டுமே பார்க்கிறது, கடைசியில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. படம் வரைந்தவருக்கு அந்த ஒற்றைப் புள்ளி உடனே கண்ணை உறுத்தும். வரையாதவர் அதை எப்படி அறிவார் என்பதற்கு ஒன்பதாம் படியில் ஒரு வேதனையான விடை இருக்கிறது.

6. சராசரியும் திட்ட விலக்கமும் கையால்

பொருந்தும் அட்டையின் கூடுதல் 104. எட்டால் வகுத்தால் சராசரி 13. பொருந்தாத அட்டையின் கூடுதல் 152, சராசரி 19.

இப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டாம் நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழியுங்கள்: 7, 6, 3, 9, 5, 8, 4, 6. இவற்றின் சராசரி 6. இந்த வேறுபாட்டுப் பத்திதான் இனி நமக்கு முக்கியம்.

ஒவ்வொரு வேறுபாட்டிலிருந்தும் 6ஐக் கழித்தால் விலக்கங்கள் கிடைக்கும்: 1, 0, –3, 3, –1, 2, –2, 0. இவற்றைக் கூட்டிப் பாருங்கள். பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் மேலே எங்கோ பிழை இருக்கிறது. அங்கேயே நின்று திருத்துங்கள். வர்க்கங்கள் 1, 0, 9, 9, 1, 4, 4, 0, கூடுதல் 28. இதை 7ஆல் வகுத்தால் 4; வர்க்கமூலம் 2. இதுவே திட்ட விலக்கம்: ஒருவருடைய வேறுபாடு சராசரியான 6 நொடியிலிருந்து பொதுவாக ஏறத்தாழ 2 நொடி விலகி நிற்கிறது என்று படிக்கலாம்.

எட்டுப் பேர் இருக்க ஏன் 7ஆல் வகுக்கிறோம் என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். விலக்கங்களின் கூடுதல் பூச்சியமாகவே இருக்க வேண்டும் என்பதால், ஏழு விலக்கங்கள் தெரிந்துவிட்டால் எட்டாவது தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. சுதந்திரமாக மாறக்கூடியவை ஏழுதான். வகுப்பில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்று சொல்லப்படும் எண் இதுவே. சில அறிவியல் கால்குலேட்டர்களில் சிக்மா என், சிக்மா என் கழித்தல் ஒன்று என இரண்டு பொத்தான்கள் இருக்கும். முதலாவதை அழுத்தினால் 1.87 வரும், நமக்கு வேண்டியது இரண்டாவது.

7. இயல்நிலைப் பரவலும் இசட் மதிப்பும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மணி வடிவ வளைவில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரும், இரண்டுக்குள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரும் அடங்குவர் என்பது நினைவில் நின்றால் போதும். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. ஆகவே 130 பெற்றவர் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கங்கள் மேலே இருக்கிறார், அவருடைய இசட் மதிப்பு 2. வெவ்வேறு அலகில் உள்ள மதிப்பெண்களை ஒரே தராசில் வைப்பதுதான் இதன் வேலை.

8. திட்டப் பிழை: டம்ளரும் பத்துச் சீட்டுகளும்

புதியவர்களில் பெரும்பாலோர் விழும் இடம் இதுதான். இதைத் தாண்டாமல், பத்தாம் படியில் வரும் பி மதிப்பை மனப்பாடம் செய்பவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அதனால் இதை வாசித்துவிட்டு நகராமல், கையால் செய்து பாருங்கள்.

ஒரு எவர்சில்வர் டம்ளரில் 1 முதல் 10 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை மடித்துப் போடுங்கள். குலுக்கி ஒன்றை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் டம்ளருக்குள் போடுங்கள். இப்படி நான்கு முறை எடுத்தால் ஒரு மாதிரி. அதன் சராசரியை எண்கோட்டில் ஒரு புள்ளியாக இடுங்கள். இதை முப்பது முறை செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகும். தோழி ஒருவர் சீட்டெடுக்க, நீங்கள் எழுதினால் இன்னும் விரைவாக முடியும்.

சீட்டுகள் 1 முதல் 10 வரை பரந்து கிடந்தாலும், முப்பது சராசரிகளும் 5.5ஐச் சுற்றி நெருங்கி நிற்பதைக் காண்பீர்கள். 1க்கு அருகிலோ 10க்கு அருகிலோ சராசரி வருவது அரிது, ஏனெனில் அதற்கு நான்கு முறையும் மிகச் சிறிய எண்ணோ, நான்கு முறையும் மிகப் பெரிய எண்ணோ வர வேண்டும். பத்து எண்களின் திட்ட விலக்கம் 2.87, நான்கு சீட்டுச் சராசரிகளின் திட்ட விலக்கமோ கோட்பாட்டின்படி அதில் பாதி, அதாவது 1.44. நான்கின் வர்க்கமூலம் இரண்டு என்பதால் பாதி. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் திட்டப் பிழை என்று பெயர்.

ஆக, திட்ட விலக்கம் ஆட்கள் எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்று சொல்கிறது. திட்டப் பிழை சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்று சொல்கிறது. நம் தரவில் திட்ட விலக்கம் 2. எட்டின் வர்க்கமூலம் 2.83, வகுத்தால் திட்டப் பிழை 0.71 நொடி. வரைபடத்தில் சராசரிக்கு மேலும் கீழும் பிழைக் கோடுகள் போடும்போது இரண்டில் எது என்று குறிப்பிடாமல் விடுவது மிகப் பரவலான தவறு.

9. கருதுகோள் சோதனை

இன்மைக் கருதுகோள்: இரு அட்டைகளுக்கும் இடையே உண்மையில் நேர வேறுபாடு இல்லை, கண்ட வேறுபாடு டம்ளரில் சீட்டு ஆடுவதைப் போன்ற தற்செயல்தான். அப்படியானால் சராசரி வேறுபாடு பூச்சியத்தைச் சுற்றி 0.71 நொடி அளவில் ஆட வேண்டும். நமக்குக் கிடைத்ததோ 6. ஆறை 0.7071ஆல் வகுத்தால் 8.49. இதுவே டி மதிப்பு. தற்செயலின் வழக்கமான ஆட்டத்தைப் போல எட்டரை மடங்கு தொலைவில் நம் விடை நிற்கிறது என்பது அதன் பொருள். டி அட்டவணையில் 7 என்ற வரிசையில், 5 விழுக்காட்டு, இருபுறச் சோதனைக்கான எல்லை 2.365; அதாவது, தற்செயல் மட்டுமே இருந்தால் டி மதிப்பு கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ இதைத் தாண்டும் வாய்ப்பு 5 விழுக்காடு. நாம் அதைத் தாண்டிவிட்டோம்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, இரண்டு பத்திகளையும் வெவ்வேறு ஆட்கள் என்று கருதித் தனித்த மாதிரிகளுக்கான டி சோதனையைப் போடுவது. நம் எண்களுக்கே அதைப் போட்டால் திட்டப் பிழை 1.21 ஆகப் பெருகி, டி மதிப்பு 4.96 ஆக இறங்குகிறது. காரணம், இயல்பாகவே வேகமாகப் பேசுபவருக்கும் மெதுவாகப் பேசுபவருக்கும் உள்ள வேறுபாடு, கழித்தலில் மறைந்துபோகாமல் கணக்கில் தங்கிவிடுகிறது. இங்கே விளைவு பெரியது என்பதால் முடிவு மாறவில்லை. விளைவு சிறியதாக இருக்கும் ஆய்வில் இதே தவறு கண்டுபிடிப்பையே விழுங்கிவிடும்.

இனி 74 என்ற தட்டச்சுப் பிழைக்கு வருவோம். நான்காமவரின் வேறுபாடு 59 ஆகிவிட, சராசரி வேறுபாடு 12.25 ஆக இரட்டிப்புக்கும் மேல் உயர்கிறது. ஆனால் திட்ட விலக்கம் 18.96 ஆகவும், திட்டப் பிழை 6.70 ஆகவும் வீங்க, டி மதிப்பு 1.83 ஆகச் சுருங்கி 2.365க்குக் கீழே விழுகிறது. எட்டுப் பேரும் ஒருவர் விடாமல் தடுமாறிய ஒரு சோதனையில் “பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை” என்று எழுத வேண்டி வரும். அதுவும் வேறுபாடு பெரிதாகிவிட்ட பிறகு. ஐந்தாம் படியில் படம் வரைய ஆகும் ஐந்து நிமிடத்தின் விலை இது.

10. பி மதிப்பையும் விளைவின் அளவையும் படித்தல்

நம் தரவுக்குப் பி மதிப்பு 0.001க்கும் குறைவு. இதன் பொருள்: இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால், இவ்வளவு தொலைவிலோ இன்னும் தொலைவிலோ ஒரு விடை கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. “இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு” என்று இதைப் படிப்பது தவறு; கணக்கே அது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கியது. மழை பெய்தால் தெரு நனைந்திருக்கும் வாய்ப்பும், தெரு நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல. தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

பி மதிப்பு சிறியதாக இருப்பதால் விளைவு பெரியது என்றும் கொள்ளக்கூடாது. ஆயிரக்கணக்கானோரை எடுத்தால் அற்ப வேறுபாட்டுக்கும் சிறிய பி மதிப்பு வரும். அதனால் விளைவின் அளவைத் தனியே சொல்ல வேண்டும். சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கோஹனின் அளவு: 6 வகுத்தல் 2, ஆக 3. வழக்கமாக 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்பார்கள். ஆங்கிலத்தில் டி சோதனையின் குறி t, இந்த அளவின் குறி d. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘டி’ ஆகிவிடுவதால், நோட்டில் ‘டி சோதனை’, ‘கோஹனின் அளவு’ என்று பிரித்து எழுதப் பழகுங்கள்.

95 விழுக்காட்டு நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான சராசரி வேறுபாடு இருக்கக்கூடிய எல்லைகளின் மதிப்பீட்டையும், சேருங்கள். 2.365ஐ 0.7071ஆல் பெருக்கினால் 1.67, அதை 6இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் 4.33 முதல் 7.67 நொடி வரை. படிப்பவருக்கு மிகவும் பயன்படுவது இந்த வரிதான் என்பது என் கருத்து, ஏனெனில் இது நொடியில் பேசுகிறது.

11. இப்போது மென்பொருள்

ஜமோவியில் இரண்டு பத்திகளை இட்டு, ஒவ்வொன்றின் வகையும் கன்டினியுவஸ் (எண் அளவிலானது) என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அனாலிசஸ் பட்டியலில் டி-டெஸ்ட்ஸ், அதற்குள் பேர்டு சாம்பிள்ஸ் டி-டெஸ்ட். சராசரி வேறுபாடு, நம்பக இடைவெளி, விளைவின் அளவு ஆகிய பெட்டிகளில் குறியிடுங்கள்.

பொருந்தும் அட்டையை முதலில் வைத்தால் டி மதிப்பு –8.49 என்று வரும். பலர் இங்கே பதறுகிறார்கள். முதல் பத்தியிலிருந்து இரண்டாவதைக் கழித்திருக்கிறது, அவ்வளவுதான். வரிசையை மாற்றினால் குறி மாறும். குறியைத் தவிர வேறு ஏதேனும் ஒன்று உங்கள் நோட்டோடு ஒத்துப்போகாவிட்டால், மென்பொருளை நம்புவதற்கு முன் தட்டச்சு செய்த எண்களைச் சரிபாருங்கள்.

12. அடுத்துக் கற்க வேண்டிய சோதனைகள்

ஒரு தரவை இப்படி முழுவதும் கடந்தவருக்கு மற்றவை விரைவாக விளங்கும். வெவ்வேறு ஆட்களைக் கொண்ட இரு குழுக்கள் என்றால் தனித்த மாதிரிகளுக்கான டி சோதனை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் என்றால், அவற்றின் சராசரிகளை ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவா. இரு பெயரளவு மாறிகளின் எண்ணிக்கைகள் என்றால் கை வர்க்கச் சோதனை. இரு எண்ணளவு மாறிகள் சேர்ந்து மாறுகின்றனவா என்றால் ஒட்டுறவு. மூன்று குழுக்களை இரண்டிரண்டாக மூன்று டி சோதனைகளில் ஒப்பிடுவது தவறு. ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு தவறும் வாய்ப்பு இருக்க, சேர்ந்து அது பெருகிவிடுகிறது.

ஒட்டுறவில் சிதறல் படம் வரையாமல் எண்ணைத் தொட வேண்டாம். அன்ஸ்கோம் 1973இல் காட்டிய நான்கு தொகுப்புகளிலும் ஒட்டுறவு ஏறத்தாழ 0.82, ஆனால் வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் திசைமாறியவை.

13. அறிக்கையில் எழுதுதல்

வாக்கியம் விளைவில் தொடங்கட்டும், எண்கள் அதைத் தாங்கட்டும்: “பொருந்தாத அட்டையை முடிக்கப் பங்கேற்பாளர்கள் (சராசரி 19.00, திட்ட விலக்கம் 2.88) பொருந்தும் அட்டையைவிட (சராசரி 13.00, திட்ட விலக்கம் 1.85) சராசரியாக 6 நொடி அதிகம் எடுத்துக்கொண்டனர்; டி(7) = 8.49, பி < 0.001, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 4.33 முதல் 7.67, கோஹனின் அளவு 3.00.”

எஸ்பிஎஸ்எஸ் சில வேளைகளில் பி மதிப்பை .000 என்று காட்டும். வாய்ப்பு ஒருபோதும் பூச்சியம் அல்ல. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கியதால் அப்படித் தெரிகிறது. அதை 0.001க்குக் குறைவு என்றே எழுதுங்கள். மாறாகப் பி மதிப்பு 0.05ஐத் தாண்டிவிட்டால் “வேறுபாடு இல்லை என்று நிரூபணமாயிற்று” என்று எழுதாதீர்கள். எட்டுப் பேரை வைத்துச் சிறிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இயல்பு. “இந்தத் தரவில் வேறுபாட்டுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை” என்று எழுதி, நம்பக இடைவெளியைப் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.